உறைகுளிரில் ஒரே நாளில் இரண்டு ஓட்டங்கள்: இடைவேளையில் இருக்கிறது ஆபத்து

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெப்ரவரி ஞாயிறு. ரொறன்ரோவின் ஏரிக்கரை வீதியில் காலை 9 மணிக்கு 10 கிலோமீற்றர் ஓட்டம். அதே நாள் பிற்பகல் 2 மணிக்கு நகரின் மறுபக்கத்தில் 5 கிலோமீற்றர் ஓட்டம். இரண்டுக்கும் பெயர் கொடுத்திருந்தேன். வெப்பமானி மைனஸ் 17 பாகை காட்டியது. ஏரிப்பக்கமிருந்து மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று.

காலை ஓட்டம் நன்றாகவே முடிந்தது. முடித்த சந்தோசத்தில் தெரிந்தவர்களோடு கதைத்துக்கொண்டு வெளியிலேயே கால்மணி நேரம் நின்றுவிட்டேன். பிறகு மார்பில் குத்தியிருந்த இலக்கத் தாளைக் கழற்றப் போனால், ஊக்கு பிடிபடவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஊக்கு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் என் முகத்தையே பார்த்தார். "அண்ணை, உங்கட கதை குளறுது. முதல்ல காருக்குள்ள ஏறுங்கோ" என்றார். "ஒண்டுமில்லை" என்று நான் சொன்ன பதிலும் குளறலாகத்தான் வந்தது.

அன்று பிற்பகல் ஓட்டத்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பின் இரண்டு முறை, ஒரே குளிர்நாளில் இரண்டு ஓட்டங்களை முறையாக ஓடி முடித்திருக்கிறேன். பயிற்சியும் வேகமும் அப்போதும் அதேதான். மாறியது, முதல் ஓட்டம் முடிந்த பிறகு வரும் நேரத்தை நான் கழித்த விதம். கனடாவில் குளிர்கால ஓட்டங்களுக்கு வரும் நம்மவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். இந்த இடைவேளையைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஓடும்போது சூடு, நின்றதும் குளிர்

ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனால்தான் மைனஸ் 15 பாகையிலும் இரண்டாவது கிலோமீற்றரில் கழுத்துப் பட்டியைத் தளர்த்துகிறோம். உள்ளுடுப்பு வியர்வையில் நனைகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த ஈரத்தை உடம்பின் சூடு சமாளித்துவிடும்.

நின்ற சில நிமிடங்களில் சூடு உற்பத்தி சரிகிறது. ஈரம் அப்படியே இருக்கிறது. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வை ஊறிய ஒரு பருத்திச் சட்டை, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை நெஞ்சில் சுற்றிக்கொண்டதற்குச் சமம். இதோடு இன்னொன்றும் நடக்கும். கைகால்களில் குளிர்ந்துபோன இரத்தம் மெல்ல உள்ளே திரும்புவதால், சூடான இடத்துக்குள் வந்த பிறகும் உள்ளுடம்பின் வெப்பநிலை சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகலாம். முடிவுக்கோட்டில் சிரித்துக்கொண்டு நின்றவர் இருபது நிமிடம் கழித்துக் காருக்குள் நடுங்குவது இதனால்தான்.

உள்ளுடம்பின் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை. மருத்துவ அவசரம். தொடக்கத்தில் கடும் நடுக்கம், விரல்கள் சொன்னபடி கேளாமை, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம், காரணமில்லாத சிடுசிடுப்பு. இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். நடுக்கம் நின்றதைப் பார்த்து, ஆள் தேறிவிட்டார் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அது உடம்பு கைவிடத் தொடங்கியதற்கான அடையாளம்.

இரண்டாவது ஓட்டத்துக்கு வரும் உடம்பு காலையில் வந்த உடம்பைப் போன்றதல்ல. குளிரை எதிர்க்க உடம்பிடம் இருக்கும் முக்கிய வழிகள் இரண்டு: தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது, நடுங்கிச் சூடு உண்டாக்குவது. களைப்பும் பசியும் தூக்கமின்மையும் இரண்டையுமே மந்தப்படுத்துகின்றன. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் நடுக்கம் சரியாக வராது.

குளிர் கொல்வதற்குப் பனி கொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீற்றர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய மேற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தார்கள். உயரமான பகுதியில் திடீரென்று குளிர்மழையும் ஆலங்கட்டியும் பலத்த காற்றும் சேர்ந்து தாக்கின. 21 பேர் இறந்துபோனார்கள். நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். ஆடு மேய்க்கும் ஜு கெமிங் என்பவர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் கொண்டுபோய் ஆறு பேரைக் காப்பாற்றினார். ஈரமும் காற்றும் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எவ்வளவு பயிற்சியும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

காற்றைக் கணக்கில் எடுங்கள்

காலையில் கைப்பேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு உடுப்பைத் தேர்ந்தெடுப்பது தவறு. பார்க்கவேண்டியது காற்றுக்குளிர்ச் சுட்டெண். இன்று கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் கணக்கு 2001இல் வந்தது. அதற்கான சோதனை ரொறன்ரோவில்தான் நடந்தது: முகத்தில் உணரிகளை ஒட்டிக்கொண்ட தொண்டர்கள், குளிரூட்டிய காற்றுச் சுரங்கம் ஒன்றுக்குள் நடந்து காட்டினார்கள்.

நான் ஓடிய அன்று மைனஸ் 17 பாகையும் 30 கிலோமீற்றர் காற்றும் சேர்ந்து சுட்டெண் மைனஸ் 29. மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையலாம் என்பது கனடா சுற்றுச்சூழல் துறையின் எச்சரிக்கை. மைனஸ் 40இல் அது 5 முதல் 10 நிமிடங்களாகக் குறையும். 10 கிலோமீற்றர் ஓட ஒரு மணி நேரம் எடுப்பவருக்கு இந்த எண்களின் பொருள் விளங்கும். அந்தக் கணக்கும் நடப்பவரை வைத்துப் போட்டது. எதிர்க்காற்றில் ஓடுபவர் தன் வேகத்தையும் அதில் கூட்டிக்கொள்கிறார்.

இடைவேளைக்கு ஓர் ஒழுங்கு

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் பதக்கம், படம், பேச்சு எல்லாம் பிறகு. முதல் பத்து நிமிடங்களுக்குள் ஈர உடுப்பு உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். மேலுடம்பிலிருந்து தொடங்குங்கள். தோலோடு ஒட்டிய உள்ளுடுப்பு, பெண்களானால் இறுக்கமான மார்புக்கச்சும், கட்டாயம் மாற வேண்டும். அதை அப்படியே விட்டு மேலே தடித்த ஜாக்கெட் போடுவதால் பயன் மிகக் குறைவு. கூச்சத்தால் பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஒரு பெரிய துவாய் இருந்தால் காருக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். பிறகு தொப்பி, மேஸ், கையுறை. விரல் விறைத்துப்போன பின் பையின் சிப்பை இழுப்பதுகூடக் கடினம் என்பதால், மாற்றுடுப்பை அணியும் ஒழுங்கிலேயே அடுக்கி, பையைத் திறந்தபடி இருக்கையில் வைத்துவிட்டு ஓடப் போகிறேன். ஊக்கோடு போராடிய அந்த நாள் கற்றுத்தந்தது இது.

இரண்டாவது ஓட்டத்துக்கு முழுவதும் வேறு உடுப்பு வேண்டும். சப்பாத்தும் இன்னொரு சோடி இருப்பது நல்லது. காலையில் நனைந்த சப்பாத்தைக் காரின் பின்பெட்டியில் போட்டால் நான்கு மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். தோலோடு ஒட்டுவது மெரினோ கம்பளியோ பொலியெஸ்டரோ ஆகட்டும், பருத்தி வேண்டாம். கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒன்றாக வைக்கும் மிற்றன் சூட்டைக் காக்கும். ஓடத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அந்த நேரத்தில் கதகதப்பாக இருந்தால், பாதி வழியில் நனைந்துவிடுவீர்கள்.

அடுத்தது சாப்பாடு. ஒரே நாளில் மறுபடி ஓட வேண்டியவர், முதல் சில மணி நேரங்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாச்சத்து எடுக்க வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 60 முதல் 72 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 27 கிராம், இரண்டு துண்டுப் பாணில் ஏறக்குறைய 30 கிராம். 10 கிலோமீற்றர் ஓட்டம் தசையின் சேமிப்பு முழுவதையும் காலி செய்யாது. ஆனால் காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்து, ஓடி, அதன்பின் நடுங்கியும் நின்றவரின் நிலை வேறு. நடுக்கத்துக்கும் எரிபொருள் தசையிலிருந்துதான் போகிறது. நான் கொண்டுபோவது வாழைப்பழமும் புட்டும், சீனி போட்ட தேத்தண்ணி ஒரு பிளாஸ்க் நிறையவும். கறி இரண்டாவது ஓட்டம் முடிந்த பிறகு.

குளிரில் தாகம் அவ்வளவாக எடுக்காது. தோலின் குழாய்கள் சுருங்கி இரத்தம் நடுவுடம்புக்குத் தள்ளப்படும்போது, நீர் அதிகமாகிவிட்டதாக உடம்பு கணக்குப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றும். ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகிறது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் இளஞ்சூடான பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மது ஒரு துளியும் வேண்டாம். அது தோலின் குழாய்களை விரித்து, சூடாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே உள்ளுடம்பின் வெப்பத்தை வெளியே விடுகிறது.

மூச்சு

"இந்தக் குளிரில் ஓடினால் நுரையீரல் உறைந்துவிடாதா?" என்று வீட்டில் அம்மாமார் கேட்பார்கள். உறையாது. மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாய்களும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித்தான் உள்ளே அனுப்புகின்றன. தொல்லை அந்த வேலையில்தான். வேகமாக மூச்சு வாங்கும்போது குழாய்களின் உட்சுவர் வறண்டு, சிலருக்குச் சுருங்கிவிடும். இருமல், நெஞ்சு இறுக்கம், இழுப்பு வரும். பனிச்சறுக்கு வீரர்களிடம் இது அதிகம். அவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, நெடுந்தூரப் போட்டிகளை நீண்டகாலமாக மைனஸ் 20 பாகையை எல்லையாக வைத்தே நடத்திவந்திருக்கிறது.

வாயையும் மூக்கையும் கழுத்துப் பட்டியால் மூடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடாக்கிய பிறகே வேகமெடுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் உறிஞ்சும் மருந்தை உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். காலையில் இழுப்பு வந்திருந்தால், பிற்பகல் ஓட்டத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

விரல், காது, மூக்கு

தோல் உறைந்தால் முதலில் குத்தும், பிறகு மரத்துப்போகும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளிறல் சட்டென்று தெரியாது. சாம்பல் படர்ந்தது போலவோ மெழுகு பூசியது போலவோ தோன்றினால் கவனியுங்கள்.

உறைந்த இடத்தைப் பனியால் தேய்க்கலாம் என்ற பழைய நம்பிக்கை, 1812இல் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் போன அறுவை மருத்துவர் லாரே சொன்னதிலிருந்து நெடுங்காலம் தொடர்ந்தது. தேய்த்தால் காயம் பெரிதாகும். கையாலும் தேய்க்கக் கூடாது. 37 முதல் 39 பாகை வரையான நீரில் மெல்லச் சூடாக்க வேண்டும். நீரின் சூட்டை மரத்த விரலால் பார்க்காமல் இன்னொருவரின் முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் சூடாக்கவே கூடாது. ஒருமுறை உருகி மீண்டும் உறையும் திசுவுக்குச் சேதம் மிக அதிகம். ஆகவே காலையில் ஒரு விரல் உறைந்திருந்தால், பிற்பகல் ஓட்டம் முடிந்த கதை.

முகத்தில் வாசலின் பூசினால் காக்கும் என்று நினைப்பவர்கள் பலர். ஃபின்லாந்தில் நடந்த ஆய்வுகள், இத்தகைய களிம்புகள் காப்பதில்லை என்றே காட்டின. பூசியவர்களுக்குத் தைரியம் கூடி ஆபத்தும் கூடலாம். துணியால் மூடுவதே வழி. ஆண்களுக்கு இன்னொன்று. 1977இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், குளிரில் மெல்லோட்டம் போனபோது தன் ஆணுறுப்பே உறையத் தொடங்கியதை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். முன்பக்கத்தில் காற்றுத் தடுப்புள்ள உள்ளாடை தேவை. இதைப் பேசக் கூச்சப்பட வேண்டாம்.

யார் ஒன்றோடு நிறுத்த வேண்டும்

குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. இதயத்தின் சுமை கூடுகிறது. இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் றேனோ நோய் உள்ளவர்கள் ஓடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீரிழிவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கலாம். அப்போது கால்விரல் உறைவது தெரியாமலே போகும்.

மற்றவர்கள் இரண்டாவது ஓட்டத்துக்குக் கிளம்புமுன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். இரண்டு கைகளிலும் பெருவிரலால் சின்னிவிரலின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். பிறகு இலக்கத் தாளை ஊக்கால் நீங்களே குத்துங்கள். நடுக்கம் முற்றாக அடங்கி, சாப்பிட்டு, காய்ந்த உடுப்புக்கு மாறி, இந்த இரண்டு சோதனையும் தடுமாறாமல் நடந்தால் போங்கள். முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

இன்னுமொரு வேண்டுகோள். குளிர் மூளையையும் மந்தமாக்குவதால், பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. பக்கத்தில் நிற்பவரின் பேச்சு குளறினால், நடை தள்ளாடினால், "சுகமா இருக்கிறீங்களா" என்று கேட்டுப் பதிலை நம்பி விட்டுவிடாதீர்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், ஈரத்தைக் கழற்றுங்கள், போர்த்துங்கள். குழப்பம் கூடினாலோ நடுக்கம் நின்றாலோ உடனே 911ஐ அழையுங்கள்.