கண்ணிருந்தும் காணாமை

கண் காண்கின்றது என்பது உலக வழக்கு. உண்மையில், கண்ணிற் படும் பலவற்றுள் வேண்டியதைத் தெரிந்தெடுத்து ஏனையவற்றை விலக்குவது மூளையின் தொழிலாகும். இதனையே பார்வைக் கவனம் என்பர்.

யேர்மன் மருத்துவரான அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்த நோய், மறதி நோயென்றே பெரிதும் அறியப்பட்டுள்ளது. ஆயினும், அது பார்வைக் கவனத்தையும் தாக்கும். இந்நோயில் மூளையிற் புரதப் படிவுகளும், நரம்புக் கலங்களினுள்ளே முறுக்கிழைகளும் தோன்ற, அக்கலங்கள் படிப்படியாக அழிகின்றன. மூளையின் பின்மேற்பகுதியாகிய சுவர்ச்சோணை கேடுறும்போது, ஒரு பொருளிற் பதிந்த கவனத்தை விடுவித்து மற்றொன்றின்மேற் செலுத்துதல் அரிதாகின்றது. நிறம் ஒன்றினாலேயே வேறுபடும் பொருளைக் காண்டல் ஓரளவு எளிது; நிறத்தையும் வடிவத்தையும் ஒருங்கே கொண்டு பலவற்றுள் ஒன்றைத் தேடல் மிகக் கடினம்.

ஒரு வேளையில் ஒரு பொருளை மாத்திரம் காணவல்ல நோயாளி ஒருவரை ஹங்கேரிய மருத்துவர் பாலின்ற் 1909இல் விவரித்தார். அவருக்கு நேர்ந்தது வேறு காரணத்தாலான மூளைச்சேதம். எனினும், மூளையின் பிற்பகுதியை முதலிற் பற்றும் அல்சைமர் நோய் வகையிலும் இக்குறி தோன்றும். அங்கு மறதிக்கு முன்னரே பார்வை தடுமாறும். இத்தகையோர் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றியும் பயன் காணார். பழுது கண்ணில் இல்லையன்றோ!

ஆதலின், எதிரேயுள்ள கோப்பையைக் காணாது தேடும் முதியவரைக் கவனயீனர் என்று கடிதல் தகாது. மேசையிற் பொருள்களைக் குறைத்தலும், வெண்ணிறத் தட்டைக் கருநிற விரிப்பின்மீது வைத்தலும் அவருக்கு உறுதுணையாகும்.