கலப்பில்லாத பெட்ரோலுக்கு ஒரு தனிக் குழாய்

அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மின்னசோட்டா மாநிலத்தைப் 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்பார்கள். அங்கே பதிவு செய்யப்பட்ட படகுகள் மட்டும் 8 இலட்சத்துக்கும் மேல். அம்மாநிலத்தின் பெட்ரோல் நிலையங்கள் சிலவற்றில் ஒரு குழாயின் மேல் விந்தையான அறிவிப்பு ஒன்றைக் காணலாம். பழங்கால வாகனங்கள், படகுகள், மோட்டார் சைக்கிள்கள், சிறு எஞ்சின்கள் போன்றவற்றுக்கு மட்டுமே அந்தப் பெட்ரோல் என்று அது கூறும். குழாயில் வருவது வேறொன்றுமில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோல்தான்!

பெட்ரோலில் எதையாவது கலந்தால் குற்றம் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கலக்காமல் விற்பதற்கு ஏன் தனி அனுமதி? இதற்கு விடை காண வேதியியலையும் கொஞ்சம், சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஏன் கலக்கிறார்கள்?

எத்தனால் ஆல்கஹால் வகையைச் சேர்ந்த திரவம். அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து, வடித்து எடுக்கிறார்கள். பெட்ரோல் மூலக்கூறுகளில் கார்பனும் ஹைட்ரஜனும்தான் உண்டு. எத்தனால் மூலக்கூறிலோ ஓர் ஆக்சிஜன் அணுவும் இருக்கிறது. அதனால் எரிதல் இன்னும் முழுமையாக நடந்து, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு குறைகிறது.

மின்னசோட்டாவின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் இந்த வாயு குளிர்காலத்தில் தொல்லை தந்தது. எனவே 1992 முதல் அங்கே குளிர்காலத்தில் ஆக்சிஜன் சேர்ந்த பெட்ரோல் கட்டாயமாயிற்று. 1997இல் மாநிலம் முழுவதற்கும், ஆண்டு முழுவதற்கும் அது விரிந்தது. பின்னர் 2005, 2007 ஆண்டுகளின் கூட்டாட்சிச் சட்டங்கள் நாடெங்கும் எத்தனால் கலப்பதைப் பெருக்கின. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் மிகப் பெரும் பகுதி 10 விழுக்காடு எத்தனால் கலந்ததே.

இதனால் நன்மைகள் உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். எஞ்சினில் 'நாக்கிங்' எனும் தட்டலை அது தடுக்கும். சோளம் விளைவிக்கும் உழவருக்கும் நல்ல சந்தை கிடைத்தது. ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், அதே அளவு பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலப்புப் பெட்ரோலில் வண்டி ஓடும் தூரம் சுமார் 3 விழுக்காடு குறையும். காருக்கு இது பெரிய குறையன்று. தொல்லை தொடங்குவது வேறிடத்தில்.

இரு பக்கமும் நட்பு

பெட்ரோலும் நீரும் ஒட்டா என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனால் இரண்டோடும் சேரும். அதன் மூலக்கூறின் ஒரு முனை பெட்ரோலை விரும்புகிறது. மறுமுனை நீரை இன்னும் அதிகமாக விரும்புகிறது. அதனால் கலப்புப் பெட்ரோல் சிறிதளவு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிலிட்டர். இதுவும் ஒரு நன்மைதான். கடுங்குளிரில் குழாயில் நீர் உறைந்து அடைக்காமல், எரிபொருளோடு கலந்து வெளியேறிவிடும்.

ஆனால் நீர் அந்த எல்லையைத் தாண்டினால்? அல்லது குளிர் கூடி, கரைக்கும் திறன் குறைந்தால்? எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு போய்விடும். இரண்டும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனி அடுக்காகத் தங்கும். எஞ்சின் உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது! எஞ்சின் நின்றுவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து, ஆக்டேன் குறைந்து நிற்கும்.

கார் தாங்கும், படகு?

நாள்தோறும் ஓடும் காரில் பெட்ரோல் ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும். அடுக்குப் பிரிய நேரமே இல்லை. படகோ நீரின் மேலேயே வாழ்கிறது. ஏரிகள் உறையும் மாதங்களில் தொட்டியில் எரிபொருளோடு சும்மா கிடக்கிறது. மூடி வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் புகுகிறது. கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். நடு ஏரியில் படகு நின்றால் என்ன செய்வது?

பழைய வாகனங்களுக்கு இன்னொரு தொல்லை. அக்கால ரப்பர் குழாய்களும் அடைப்பு வளையங்களும் எத்தனாலைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பியும் வெடித்தும் கெடும். பழைய படகுகள் சிலவற்றின் கண்ணாடியிழைத் தொட்டிகளையும் எத்தனால் அரித்திருக்கிறது.

மேலும், ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புதிய காரில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்வி இதை அறிந்து எரிபொருளைக் கூட்டும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு ஏது? காற்று மிகுந்து, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடேறும். புல்வெட்டும் பொறிக்கும் சங்கிலி ரம்பத்துக்கும் இதே கதைதான். பெட்ரோலில் ஓட அனுமதி பெற்ற சிறு விமானங்கள் பலவற்றுக்கோ எத்தனால் கலந்தது அறவே கூடாது என்பது விதி.

சட்டத்தில் ஒரு சிறு கதவு

இத்தகைய எஞ்சின்களை மனத்தில் கொண்டு மின்னசோட்டாச் சட்டத்தில் ஒரு விலக்கு இடம்பெற்றது. அமெரிக்க அளவுமுறையில் 91 ஆக்டேன் அல்லது அதற்கு மேற்பட்ட உயர்தரப் பெட்ரோலை, குறிப்பிட்ட வகை எஞ்சின்களுக்கென எத்தனால் இல்லாமல் விற்கலாம். குழாயில் அறிவிப்பு வைக்க வேண்டும். கதவு சிறியதுதான். உயர்தரப் பெட்ரோல் விலை கூடியது. எனவே சாதாரணக் கார்கள் அதை நாடி வரிசையில் நிற்கா. கலப்புச் சட்டத்தின் நோக்கமும் கெடவில்லை.

ஆனால், சட்டம் விற்க அனுமதிக்கிறதே தவிர, விற்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. நிலத்தடித் தொட்டி ஒன்றை இதற்கென ஒதுக்க வேண்டும். வாங்குவோர் குறைந்தால் கடைக்காரர் அதை வேறு வகைக்கு மாற்றிவிடுவார். ஆகவே பழைய வாகன ஆர்வலர்களின் மின்னசோட்டா ஸ்ட்ரீட் ராட் சங்கம், எந்த ஊரில் எந்த நிலையத்தில் இது கிடைக்கும் என்று பட்டியல் தொகுத்து வந்தது. பட்டியலைப் பார்த்து வாங்குவோர் வருகிறார்கள்; வாங்குவோர் வருவதால் குழாய் நிலைக்கிறது.

பிற மாநிலங்கள் வேறு வழிகளில் சென்றன. ஓரிகான் 2008இல் உயர்தரப் பெட்ரோலுக்குச் சில பயன்களில் விலக்கு அளித்தது. புளோரிடா 2008இல் இயற்றிய கட்டாயச் சட்டத்தை 2013இல் நீக்கியே விட்டது. எனினும் அங்கேயும் பெரும்பாலான குழாய்களில் கலப்புப் பெட்ரோலே வருகிறது. கூட்டாட்சிச் சட்டமும் விலையும் அதன் பக்கம்!

எத்தனால் இருப்பதை அறிவது எப்படி?

விமானக்காரர்கள் ஓர் எளிய சோதனை செய்கிறார்கள். 100 மில்லிலிட்டர் அளவுக் குழாயில் 10 மில்லி நீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிறுத்துவார்கள். நீர் அடுக்கு 10 மில்லியாகவே இருந்தால் எத்தனால் இல்லை. அது 19 மில்லியாக வளர்ந்தால்? 9 மில்லி எத்தனால் நீரோடு சேர்ந்துவிட்டது. அதாவது பெட்ரோலில் 10 விழுக்காடு. பெட்ரோல் ஆவி நொடியில் தீப்பற்றும். ஆகவே மாணவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

நம் நாட்டிலும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025இல் எட்டப்பட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனு ஒன்றை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எத்தனால் நல்லதா, கெட்டதா என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை கிடைக்காது. எந்த எஞ்சினுக்கு, எத்தனை நாள் தொட்டியில் இருப்பதற்கு என்று கேட்க வேண்டும். மின்னசோட்டாவின் அந்தத் தனிக் குழாய் அப்படிக் கேட்டதற்குக் கிடைத்த விடையாகும்.