வீட்டுத் தோட்டம் – 9: ஆவணியில் புல், ஐப்பசியில் செடி

சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் புல்தரை போட ஆடி, ஆவணி மாதங்கள் ஏற்றவை. கத்திரி வெயிலின் கடுமை குறைந்திருக்கும். மாலையில் அவ்வப்போது இடிமழை பெய்யும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் புல் வேர்பிடித்திருக்க வேண்டும். பிந்தி நட்டால் முதல் பெருமழையே மண்ணோடு அதை அரித்துக்கொண்டு போய்விடும்.

நல்ல வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல் போதும். மிதிபட்டாலும், சில நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் மீண்டுவிடும். நர்சரிகளில் அதிகம் விற்பது கொரியன் புல். மெத்தென்று இருக்கும், மெதுவாக வளரும். வெட்டாமலே விட்டால் திட்டுத் திட்டாக மேடு கட்டிக்கொள்ளும். மாமரத்தடி போன்ற நிழலில் இந்த இரண்டும் சோடை போகும். அங்கே அகல இலைப் புல்தான் தாக்குப்பிடிக்கும்.

புல்தரையின் முதல் எதிரி கோரை. அதன் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தட்டுப்படும். இழுத்தால் தண்டு சுலபமாகக் கையோடு வந்துவிடும். கருமணி போன்ற கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி, சில நாளில் மறுபடி தளிர்விடும். அதனால் புல் நடுவதற்கு முன்பே ஓர் அடி ஆழம் கொத்தி, தண்ணீர் விட்டு, கோரையை வேண்டுமென்றே முளைக்கவிட்டுக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். ஒரு தடவையில் முடிகிற வேலையல்ல. இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டும். இந்த மூன்று வாரத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் பிறகு வருடக்கணக்கில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு மக்கிய தொழுவுரம் கலந்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் வடியும்படி மண்ணைச் சமன்செய்து, நான்கு விரற்கடைக்கு ஒரு கொத்தாகப் புல்லை ஊன்றலாம். பச்சைச் சாணம் கூடாது, கரையானை வரவழைக்கும்.

வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டைக் கத்தி புல்லை அறுக்காது, கிழிக்கும். மறுநாள் தரை முழுக்க நுனி வெளுத்துத் தெரிவது இதனால்தான். கோடையில் புல்லைச் சற்று உயரமாகவே விட்டுவைப்பது நல்லது. தண்ணீரை விடியற்காலையில், வேர் வரை இறங்கும்படி விட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

புதர்ச்செடிகளை மழை மண்ணை நனைத்தபின் நடலாம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் மழை முடியும்வரை பொறுக்க வேண்டும். இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாவற்றுக்கும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி போதும். பாக்கெட் கவரைக் கிழித்து எடுத்து, மண்கட்டியைச் சுற்றிச் சுருண்ட வேர்களை வெட்டிவிட்டு நட வேண்டும். கவரோடு புதைத்த செடிகள் இரண்டு வருடமானாலும் நட்டபடியே நிற்கும்.

இட்லிப்பூவைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடுவது பரவலான பழக்கம், சரியான பழக்கமல்ல. சிமென்ட், சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. கொழுந்திலைகள் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். காரணம் மண்ணில் இருப்பதால், மஞ்சளும் சில மாதத்தில் திரும்பும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட்டு, தொழுவுரத்தைத் தாராளமாகப் போடுவதே மேல்.

அரளிக்குப் பராமரிப்பே தேவையில்லை. ஆனால் செடி முழுதும் விஷம் என்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கம் வைக்கக் கூடாது.

குண்டுமல்லியின் கணக்கு வேறு. நவம்பர் கடைசியில், மழைக்கு இடையிலேயே, தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதைக் கவாத்து செய்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். தை, மாசியில் புதுக்கிளை ஓடி, பங்குனியில் மொட்டு வைக்கும்.