சீருடையைக் கழற்றிய பிறகு

போர்முனையிலிருந்து திரும்பும் ஜவானுக்கு அடுத்த சவால் காகிதங்கள். அதில் அவனுக்குத் துணை நிற்பவர்கள் அவனைப் போலவே ஓய்வு பெற்ற சிப்பாய்கள்.

பெங்களூரின் ரெசிடென்ஸி ரோட்டுக்கு இன்றைய பெயர் ஃபீல்டு மார்ஷல் கே.எம். கரியப்பா சாலை. பிரிகேட் ரோடு அதைச் சந்திக்கும் இடத்தில், ஆட்டோக்களின் இரைச்சலுக்கு நடுவே, முதல் உலகப் போரில் உயிரிழந்த மதராஸ் பயனியர் படையினரின் நினைவுச் சின்னம் நிற்கிறது. அதே சாலையில், கரியப்பாவின் பெயர் தாங்கிய கட்டடத்தில், கர்நாடக அரசின் படைவீரர் நலத் துறை இயங்குகிறது. மாண்டவர்களுக்கு ஒரு கல் எழுப்பினால் கடமை முடிந்துவிடும். மீண்டவர்களின் தேவை அத்தனை எளிதல்ல.

காரணம், ராணுவம் தன் ஆட்களை இளமையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு சிப்பாய் 15 ஆண்டுகள் பணியாற்றினால் பென்ஷனுக்குத் தகுதி பெறுகிறான். நாற்பது வயதைத் தொடும் முன்பே, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே, சீருடையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இப்படி ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்தும் வெளியே வருகிறார்கள்.

இவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், பிரிட்டிஷ் அரசு இந்திய சிப்பாய்கள் வாரியத்தை அமைத்தது. இன்றைய கேந்திரிய சைனிக் போர்டின் மூலம் அதுதான். சுதந்திர இந்தியா 1949-இல் டிசம்பர் 7-ஆம் தேதியைக் கொடி நாளாக அறிவித்து, மக்களிடம் உண்டியல் குலுக்கி நிதி திரட்டத் தொடங்கியது.

ஆனால் இவை அரசு ஏற்பாடுகள். சிப்பாய்களே தங்களுக்காகப் பேச ஒரு குரல் வேண்டும் என்று நினைத்தவர் கரியப்பா. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான அவர் 1953-இல் ஓய்வு பெற்றார். சிதறிக் கிடந்த முன்னாள் படைவீரர் சங்கங்களை ஒன்றாக்கி, 1964-இல் இந்திய முன்னாள் படைவீரர் லீக்கை உருவாக்கினார். மறு ஆண்டே பாகிஸ்தானுடன் போர். விமானப்படையில் இருந்த அவரது மகன் சிறைப்பட்டார். பிரிவினைக்கு முந்தைய ராணுவத்தில் கரியப்பாவை அறிந்திருந்த அயூப் கான் மகனை விடுவிக்க முன்வந்ததும், பிடிபட்ட எல்லா ஜவான்களும் தன் பிள்ளைகளே என்று சொல்லி கரியப்பா சலுகையை மறுத்ததும் ராணுவத்தில் இன்றும் பேசப்படும் கதை. 1993-இல் பெங்களூரில் காலமாகும்வரை முன்னாள் படைவீரர் நலனில் அவர் அக்கறை குறையவில்லை.

லீக்கும் அதன் பின்னர் தோன்றிய அமைப்புகளும் செய்யும் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இறந்துபோன தோழனின் மனைவிக்காக விண்ணப்பம் எழுதுவார். அந்தக் காகிதத்தில்தான் ஒரு குடும்பத்தின் தலைவிதி இருக்கிறது. கணவன் எப்படி இறந்தான் என்பதைப் பொறுத்து பென்ஷன் மாறும். இயற்கை மரணமானால் சாதாரணக் குடும்ப பென்ஷன், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியின் விளைவாக நேர்ந்த மரணம் என்று ஏற்கப்பட்டால் 60 சதவீதம். போரில் இறந்தால் முழுச் சம்பளம். 30-க்கும் 60-க்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு மருத்துவக் குறிப்பும், அதை எடுத்துக்காட்டி வாதாட ஓர் ஆளும்தான்.

பெங்களூரில் இந்த வேலைக்குத் தமிழ் முகமும் உண்டு. 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அதன் வீரர்களை ராணுவமே செல்லமாக 'தம்பி' என்றுதான் அழைக்கிறது. வேலூர், தருமபுரிப் பக்கமிருந்து படையில் சேர்ந்து, ஓய்வுக்குப் பின் பெங்களூரிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பெண்களுக்கு வரும் சிக்கல் விசித்திரமானது. ராணுவ ஆவணம் ஆங்கிலத்தில். மாநில அரசின் கடிதம் கன்னடத்தில். அவர்களுக்குத் தெரிந்ததோ தமிழ். போதாக்குறைக்கு இனிஷியல். படை ஆவணத்தில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் 'அம்மா' 'அம்மாள்' ஆகியிருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு நபர்கள். பென்ஷன் வழங்கல் 2021 முதல் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு மாறியபின், இந்தப் பெயர்க் குழப்பங்களைத் தீர்ப்பதும் ஆண்டுதோறும் உயிர்ச் சான்று பதிவு செய்வதும் சங்கங்களின் அன்றாட வேலையாகிவிட்டன.

பென்ஷனே இல்லாதவர்களின் கதை இன்னும் கடினம். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற சுமார் 25 லட்சம் இந்தியர்களில் பெரும்பாலோர் போர் முடிந்ததும் பென்ஷனின்றி அனுப்பப்பட்டார்கள். பிற்காலத்திலும் 15 ஆண்டுகளை நிறைவு செய்யாமல் வெளியேறியவர்கள் உண்டு. பென்ஷன் பெறாத, 65 வயது கடந்த ஏழைச் சிப்பாய்களுக்கும் அவர்களது விதவைகளுக்கும் கொடி நாள் நிதியிலிருந்து தரப்படும் மாத உதவி, 2025 நவம்பரில்தான் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்தது. இதைப் பெறவும் யாராவது போய் அந்த முதியவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

மனு எழுதினால் போதுமா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. 2008-இல் தோன்றிய இந்திய முன்னாள் படைவீரர் இயக்கம் தெருவில் இறங்கியது. 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கோரி முன்னாள் வீரர்கள் 2009-இல் தங்கள் பதக்கங்களையே திருப்பித் தந்தார்கள்; 2015-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு கோரிக்கையை ஏற்றது. ஆனால் திட்டத்தின் நுணுக்கங்கள் குறித்த சண்டை உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்கே 2022 மார்ச்சில் அரசின் வரையறையே நிலைத்தது.

அடுத்த சோதனை வாசலில் நிற்கிறது. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களுக்குப் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்கள் ஒரு தொகையுடன் வெளியே வருவார்கள், பென்ஷன் கிடையாது. நூறாண்டுகளாகப் பென்ஷன் காகிதத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய அமைப்புகளின் கதவை, இனி இருபத்து மூன்று வயது இளைஞர்கள் வேலை கேட்டுத் தட்டுவார்கள்.

அதுவரை, பழைய சுபேதார்கள் தங்களைத் தேடி வரும் ஜவான்களிடம் சலிக்காமல் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் ஆணையில் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். உயிரோடிருக்கும் கணவன் ஒரு கையெழுத்தில் திருத்தக்கூடிய பிழைக்காக, பின்னால் அந்தப் பெண் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.