உங்களுக்குத் தெரியுமா? சாட்சிக் கூண்டில் நின்ற கொலைகாரன்

தொடர் கொலை புரிந்தவனுக்கு மரண தண்டனையே உசிதம் என்போர், லண்டன் ரில்லிங்டன் பிளேஸ் பத்தாம் இலக்க வீட்டின் சரித்திரத்தைச் சற்றே சிந்திக்க வேண்டும். அங்கே மாடியில் குடியிருந்த டிமத்தி எவன்ஸ் என்னும் எழுத்தறிவு குன்றிய இளைஞர், தம் மனைவியும் பச்சிளங்குழந்தையும் கொலையுண்டபின், குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1950 மார்ச் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருக்கு விரோதமாகப் பிரதான சாட்சியம் அளித்தவனோ, கீழ்த்தளத்தில் வசித்த ஜான் கிறிஸ்டி. 1953இல் அதே வீட்டின் சமையலறைச் சுவர் மறைவிலும் தரைப்பலகையின் அடியிலும் தோட்டத்து மண்ணிலுமாக ஆறு பெண்களின் பிரேதங்கள் வெளிப்பட்டபோது, எவன்ஸின் மனைவியைக் கொன்றதும் தானே என்று கிறிஸ்டி ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு ஜூலை 15 அன்று தூக்கிலேறினான். கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிப்பதை பிரிட்டன் 1965இல் நிறுத்தியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். எவன்ஸுக்கு 1966இல் அரச மன்னிப்பு கிடைத்தது. அதற்குள் அந்த அப்பாவி மாண்டு பதினாறு வருஷங்கள் ஆகியிருந்தன என்பதை நினைக்கையில் நெஞ்சம் பதைக்கிறது.