வீட்டுத் தோட்டத்தில் நிலவேம்பு: வளர்ப்போம், அறிந்து பயன்படுத்துவோம்

மழைக்காலத்தில் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற வருவோரின் குடும்பத்தினர் பலர் எங்களிடம் கேட்பது நிலவேம்பைப் பற்றியே. இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இவ்வோராண்டுச் செடி, பார்ப்பதற்குக் களை போலவே தோன்றும்; தோட்டத்தைச் சுத்தம் செய்கையில் பலர் அறியாமல் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர்.

அடையாளம்

நாற்கோணத் தண்டு, எதிரெதிராக அமைந்த ஈட்டி வடிவ இலைகள், ஊதாக் கோடுகளுடைய சிறிய வெண்மலர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். சில ஊர்களில் இதனைச் சிறியாநங்கை என்றும் அழைப்பர்.

வளர்க்கும் முறை

விதையின் மேலுறை கடினமானது. எனவே மணலுடன் கலந்து மெல்லத் தேய்த்தபின் விதைத்து, மெல்லிய மண்ணால் மூடி, ஈரம் காத்தல் வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் நாற்றுகளைப் பிரித்து நடலாம். மிதமான நிழலிலும் வளரும், தண்ணீர் தேங்கக்கூடாது. நட்ட மூன்று, நான்கு மாதங்களில் பூக்கத் தொடங்கும். அறுவடைக்கு உரிய பருவம் அதுவே. முற்றிய காய் வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். ஆகவே காய் பழுப்பு நிறம் அடைந்தவுடன் பறித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு விதை கிடைக்கும்.

தொட்டிகளின் அடியில் வைக்கும் தட்டுகளில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் அவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

உட்கொள்ளும் முன்

நிலவேம்புக் குடிநீர் என்பது இவ்விலையின் கஷாயம் மட்டுமன்று. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகியவற்றுடன் நிலவேம்பும் சேர்ந்த 9 பொருள்களின் கலவை. தோட்டத்து இலையை அளவின்றிக் காய்ச்சிக் குடிப்பது அதற்கு ஈடாகாது.

கர்ப்பிணிகள் இதனைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், நீரிழிவு அல்லது இரத்த அழுத்த மாத்திரை எடுப்போர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களிலேயே ஆபத்து மிகுதி. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறுகளில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினும் கஷாயத்தை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். என்ன குடித்தீர்கள் என்பதையும் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது உதவும்.