பார்னாவின் வலக்கரம்

விளையாட்டு வீரரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றிகளை எண்ணி முடித்ததும் பேனாவை மூடிவிடுகின்றனர். விக்டர் பார்னாவைப் பற்றி எழுதும்போது அவ்வாறு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெற்றிப் பட்டியல் தளர்ந்த இடத்திலிருந்துதான் அம்மனிதரை நான் மதிக்கத் தொடங்கினேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு மேசைப்பந்தாட்டம் புதிதன்று. மாரிகாலத்தில் மைதானம் நீரில் மூழ்கும்போது பள்ளி மண்டபத்து மேசையே மாணவருக்குப் புகலிடம். அங்கே நான் அவர்களிடம் அடிக்கடி சொல்லும் பெயர் பார்னா.

முதல் உலகப் போட்டி 1926 டிசம்பரில் லண்டனில் நடந்தது. ஆடவர் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்ற இருவருமே ஹங்கேரியர்: வழக்கறிஞர் ரோலண்ட் யாக்கோபியும், சோல்டான் மெக்லோவிட்சும். வென்றவர் யாக்கோபி. மகளிர் பட்டமும் ஹங்கேரியின் மரியா மெட்னியான்ஸ்கிக்கே கிடைத்தது.

இந்த மரபில் வந்தவர் பார்னா. 1911இல் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் பிரவுன். யூதர்மீது பகை வளர்ந்துவந்த அந்நாளில், பார்னா என்ற ஹங்கேரியப் பெயரைச் சூடிக்கொண்டார். 1930இல் பெர்லினில் ஒற்றையர் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 18. மறு ஆண்டு, சொந்த நகரத்திலேயே, தம் இரட்டையர் ஆட்டத் துணைவர் மிக்லோஸ் சபாடோசிடம் பட்டத்தை இழந்தார். பின்னர் 1932 முதல் 1935 வரை நான்கு ஆண்டுகள் அவரை எவராலும் அசைக்க முடியவில்லை.

அந்நாளில் வலை இன்றையதைவிட உயரமாக இருந்தது; தற்காத்து ஆடுவோருக்கே அது வாய்ப்பளித்தது. 1936இல் பிராகாவில் எர்லிக், பார்காஸ் என்னும் இருவர் ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தனர் என்றால் பாருங்கள்! பின்னரே வலையைத் தாழ்த்தினர். அத்தகைய காலத்தில் பார்னா தாக்கி ஆடினார். மணிக்கட்டின் ஒரே சுழற்சியில், புறங்கையால் அவர் பந்தைச் சுண்டும் வீச்சுக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

அந்த வலக்கரம் 1935இல் ஒரு கார் விபத்தில் முறிந்தது. அப்போது அவருக்கு 23 வயதுதான். ஒற்றையர் உலகப் பட்டம் அதன்பின் அவருக்குக் கிட்டவேயில்லை.

எனினும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1938இல் ஹங்கேரி சுவேத்லிங் கிண்ணத்தை வென்ற குழுவில் அவரும் இருந்தார். 1939இல் கெய்ரோவில், வியன்னாவில் பிறந்து நாட்டைத் துறந்துவந்த ரிச்சர்ட் பெர்க்மானோடு இணைந்து இரட்டையர் பட்டம் பெற்றார். ஒற்றையர் 5, இரட்டையர் 8, கலப்பு இரட்டையர் 2, குழு 7 என, உலகப் பட்டங்கள் 22 ஆயின.

அதற்குள் ஐரோப்பா இருண்டுவிட்டது. சபாடோஸ் ஆஸ்திரேலியாவுக்கும், கிளான்சும் பெல்லாக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். பார்னா இங்கிலாந்தைப் புகலிடமாகக் கொண்டு, போரில் பிரிட்டிஷ் படையிலும் பணியாற்றினார். 1944இல் சில வாரங்களுக்குள் ஹங்கேரியிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அவருக்குக் கைதட்டிய நகரம் அவர் இனத்தாரைக் காக்கவில்லை.

போருக்குப் பின் அவர் நாடு நாடாகச் சென்று ஆடிக் காட்டினார், நூல்கள் எழுதினார், இளைஞர்க்குக் கற்பித்தார். நம் அண்டை நாடான இந்தியா, தன் தேசிய ஆடவர் குழுப் போட்டிக்குரிய கோப்பைக்குப் பார்னா-பெல்லாக் என்று பெயரிட்டது. 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில், ஜப்பானியரான சாட்டோ கடற்பஞ்சு போன்ற மெத்தை ஒட்டிய மட்டையால் வென்று, பார்னா காலத்து ஆட்டத்தையே பழைமையாக்கிவிட்டார். அதற்குப் பின்னரும் பார்னா இவ்வாட்டத்தின் பணியிலேயே வாழ்ந்தார். 1972இல் பெரு நாட்டின் லீமா நகரில், பயணத்தின் நடுவே, உயிர் நீத்தார்.

பெயரை மாற்ற நேர்ந்தது, கரம் முறிந்தது, தாய்நாடும் கைவிட்டுப் போயிற்று. தாம் கற்ற கலையை மட்டும் எவரும் பறிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. ஊரை விட்டோடியவர்களும், மீண்டு வந்தவர்களும், வராமலே போனவர்களும் நிறைந்த எங்கள் துறைமுக நகரில், தோற்றுவிட்டதாகச் சோர்ந்து நிற்கும் மாணவனுக்கு நான் சொல்வது 1930ஆம் ஆண்டின் வெற்றியை அன்று. முறிந்து ஒட்டிய கரத்தோடு அவர் கெய்ரோவில் ஆடிய ஆட்டத்தையே சொல்கிறேன்.